ஒரு தாய், டோக்கன் 412

வாணியம்பாடியில் உலக அமைதி காலை ஏழு மணிக்குத் தொடங்குவதாக இருந்தது. இட்லி வரத் தாமதமானதால் எட்டரை ஆகிவிட்டது.

நான் கொடி பிடிக்க வந்தவன். ஊர் சாத்தூர்ப் பக்கம். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டது. அதற்குப் பிறகு தீப்பெட்டி ஆபீஸ், லாரி கிளீனர், திருவிழாக்களில் ராட்டினம் சுற்றுவது என்று நாற்பது வருஷமாக எங்காவது போய்க்கொண்டே இருக்கிறேன். வாணியம்பாடியிலிருந்து வேலூர் வரை நாலு நாள் நடக்க ஆள் வேண்டும், சாப்பாடு உண்டு, சட்டை உண்டு, ஷூ உண்டு என்று ஒரு பழைய சிநேகிதன் சொன்னான். எதற்கு நடக்கிறார்கள் என்று கேட்டேன். "சண்டை வேண்டாமாம்" என்றான். எந்தச் சண்டை என்று அவனுக்கும் தெரியவில்லை. சாப்பாடு உண்டு என்பது மட்டும் தெளிவாக இருந்ததால் வந்துவிட்டேன்.

மொத்தம் முப்பது பேர். தலைவர் ஞானசுந்தரம் சார், சென்னையில் கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பின்னாலும் கைதட்டலுக்கு இடம் விட்டுப் பேசுவார். "இட்லியில் உப்பு இல்லை" என்று சொல்லிவிட்டும் அப்படித்தான் நிறுத்தினார். இரண்டு பேர் தட்டினார்கள்.

எங்களுக்கு ஒரு வேன். அதன் கூரைமேல் தெர்மாகோலில் செய்த வெள்ளைப் புறா. நெடுஞ்சாலையில் ஏறிய ஐந்தாவது நிமிடம் அதன் இடது இறக்கை பிய்ந்து தனியாகப் பறந்து, எதிரே வந்த சிமெண்ட் லாரிக்கு அடியில் போய் அமைதி அடைந்தது.

நடைப்பயணம் எப்படி நடக்கும் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். ஊருக்குள் நடக்க வேண்டும். ஊர் முடிந்ததும் வேனில் ஏறிக்கொள்ள வேண்டும். அடுத்த ஊர்ப் பெயர்ப்பலகைக்கு இருநூறு அடி முன்னால் இறங்கி, முகத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துக்கொண்டு, களைப்பாக நடக்க வேண்டும். இதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் வேனில் இருபத்தொன்பது பேருக்குத்தான் இடம் இருந்தது. முப்பதாவது ஆள் நான். ஆகவே வாணியம்பாடியிலிருந்து ஆம்பூர் வரை உலக அமைதிக்காக உண்மையில் நடந்தது ஒரே ஒரு ஆள்தான். அவனுக்கும் வேறு வழி இருக்கவில்லை.

கொடுத்த ஷூ வெள்ளை கேன்வாஸ். ஆம்பூருக்கு வெளியே நெடுஞ்சாலை ஓரம் இருக்கும் ஒரு ஷூ கம்பெனியின் அன்பளிப்பு. அந்தக் கம்பெனிச் சேர்மன்தான் இந்தப் பயணத்துக்குப் புரவலர். இரண்டு கிலோமீட்டரில் குதிகாலைக் கடித்துவிட்டது. கயிற்றைக் கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு என் ரப்பர் செருப்போடு நடந்தேன். ஆம்பூர் போய்ச் சேர்ந்தால், வேனில் வந்தவர்களும் நொண்டிக்கொண்டிருந்தார்கள்.

வழியெல்லாம் பாலாறு கூடவே வந்தது. மணலும் சீமைக் கருவேலமும். எங்கள் வைப்பாறும் இப்படித்தான், அந்த வகையில் சொந்த ஊரில் நடப்பது போலவே இருந்தது. வாடைதான் வேறு. எங்கள் பக்கம் கந்தகம், இங்கே தோல். முதல் ஒரு மணி நேரம் மூக்கைப் பொத்தினேன். பிறகு மூக்கு தானாகவே வேலையை விட்டுவிட்டது. தீப்பெட்டி ஆபீஸிலும் எனக்கு இதுதான் நடந்தது.

வழியில் கொடுப்பதற்கு ஒரு கட்டுத் துண்டறிக்கை தந்திருந்தார்கள். "சாதாரண மக்கள் அமைதிக்காகச் செய்யக்கூடிய பத்துக் காரியங்கள்." தினமும் ஐந்து நிமிடம் கண்ணை மூடி உட்காருங்கள். பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்துப் புன்னகை செய்யுங்கள். மெழுகுவத்தி ஏற்றுங்கள். செல்போனில் முகப்புப் படமாகப் புறாவை வையுங்கள். பத்தாவது, இந்தத் துண்டறிக்கையைப் பத்துப் பேருக்குக் கொடுங்கள். ஒரு லாரி ஓட்டுநர் முழுதும் படித்துவிட்டு, "எல்லாமே உக்காந்துகினு செய்ற வேலையா இருக்குதே, நீ இன்னாத்துக்கு நடக்கிற?" என்று கேட்டார். பதினோராவது காரியம் என்று ஒன்று அந்தத் தாளில் இல்லை.

ஆம்பூரில் மதியம் பிரியாணி. சீரகச் சம்பா அரிசி, மசாலா அடக்கம், பக்கத்தில் கத்திரிக்காய். எங்கள் ஊரில் பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளக் கத்திரிக்காய் வைத்தால் சமையல்காரனைத் தேடிக்கொண்டு போவார்கள். இங்கே அது இல்லாவிட்டால்தான் தேடுவார்கள் போலிருக்கிறது. இரண்டு வாய்க்குள் நான் கட்சி மாறிவிட்டேன். பந்தியில் நல்லி எலும்பு ஒருவருக்கே இரண்டு போனதென்று எங்கள் அமைதிப் படையில் இருவர் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். ஞானசுந்தரம் சார் நடுவில் நின்று அகிம்சை பற்றிப் பேசினார். கடைக்காரர் பேசவில்லை. இன்னும் ஒரு நல்லி கொண்டுவந்து போட்டார். சண்டை நின்றது.

மறுநாள் காலையில் புறா விட்டோம். பந்தயப் புறா வளர்க்கும் ஒரு பாய் கூண்டோடு வந்திருந்தார். சார் கையால் ஐந்து புறாக்கள் ஆகாயத்தில் ஏறின, ஒரு வட்டம் அடித்தன, மூன்று தெரு தள்ளிப் பாயின் மாடியில் இறங்கின.

"உலகெங்கும் போகட்டும்!" என்றார் சார்.

"வீட்டுக்குத்தான் வரும் சார்" என்றார் பாய். "அப்டித்தான் பழக்கி வச்சிருக்கேன். வேலூர்லயும் இதையேதான் உடப்போறோம். புதுசு வாங்கினா ஜாஸ்தி ஆவும்."

அன்று சாயங்காலம் எனக்குத் தனி வேலை. சிவப்புக் காலிகோ அட்டை போட்ட ஒரு பெரிய நோட்டு. மேலே "மக்கள் மனசாட்சி ஏடு" என்று எழுதியிருந்தது. ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஆயிரம் பேர் சேர வேண்டும். நாலாம் நாள் வேலூரில் வைத்துச் சேர்மன் கையில் அதைக் கொடுப்பதாக ஏற்பாடு. ஷூ கம்பெனி வாசலில் ஷிப்ட் விடும் நேரத்துக்குக் குடையை விரித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஐந்தரைக்குச் சங்கு ஊதியது. பெண்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். வாசலில் பையைத் திறந்து காட்டிவிட்டு, வரிசையாக நிற்கும் கம்பெனி வேன்களை நோக்கி ஓடினார்கள். தீப்பெட்டி ஆபீஸ் விடும்போது எங்கள் ஊர்ப் பெண்களும் இதே ஓட்டம்தான். ஓடுகிற போக்கில் எழுதினார்கள். "உலகம் நல்லா இருக்கணும்." "மழை வரணும்." "வேன்ல சீட்டு வேணும்."

ஒருத்தி மட்டும் ஓடாமல் நின்றாள். முப்பத்தைந்து வயது இருக்கும். விரல் நுனிகளில் பசை காய்ந்து தோலாக உரிந்துகொண்டிருந்தது.

"அண்ணா, மெய்யா இருக்கிறத எழுதலாமா?"

"தாராளமா எழுதலாம்மா. பேரு கூடப் போட வேண்டாம்" என்றேன். சார் அப்படித்தான் சொல்லச் சொல்லியிருந்தார்.

அவள் குனிந்து மெதுவாக எழுதினாள். பிறகு நான் மடியில் வைத்திருந்த பன்னைப் பார்த்தாள். "இதான் உன் சாப்பாடா?" என்றாள். பையிலிருந்து ஒரு எவர்சில்வர் டப்பாவை எடுத்தாள். "புளிசோறு. காலைல கட்டினது, கெடாது. இன்னிக்கு கேண்டீன்லயே சோறு போட்டாங்க. டப்பாவ நாளைக்கு நீங்க போற வழில, மாதனூர்ல குடுத்துடு. எங்க வேன் அங்கதான் நிக்கும்."

புளிசோறு நன்றாக இருந்தது. நிலக்கடலையை வறுத்துப் போட்டிருந்தாள். ஒடுகத்தூர்ப் பக்கத்துக் கடலை என்று பிறகு தெரிந்தது. அவள் என்ன எழுதினாள் என்று சாப்பிட்டு முடித்த பிறகுதான் பார்த்தேன்.

"நாங்கள் தைக்கும் பட்டாளத்து பூட்ஸ் யார் வீட்டுக்குள் நுழைகிறது என்று முதலாளி விசாரித்துச் சொன்னால் நல்லது. இப்படிக்கு, ஒரு தாய். 412."

நல்ல கேள்வி என்று நினைத்தேன். 412 வீட்டு நம்பராக இருக்கும் என்று நினைத்தேன். மூடி வைத்துவிட்டேன்.

மூன்றாம் நாள் விடியும்போதே கிளம்பி மாதனூருக்கு நடந்தேன். வேன்காரர்கள் எனக்கு முன்னால் வந்து டீக்கடையில் வடை தின்றுகொண்டிருந்தார்கள். மனசாட்சி ஏடு புதிதாக வாங்கிய கண்ணாடிப் பெட்டிக்குள், பூட்டோடு, வேன் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தது. அதற்குச் சீட்டு கிடைத்துவிட்டது.

ஏழே முக்காலுக்கு ஒடுகத்தூர்ச் சாலையிலிருந்து கம்பெனி வேன் வந்து நின்றது. டப்பாக்காரி குதித்து இறங்கி ஓடிவந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"அண்ணா, அந்த நோட்டு எங்க? நான் எழுதினதக் கிழிச்சிக் குடு."

"என்னம்மா ஆச்சு? பேருகூட இல்லையே அதுல."

"நம்பர் போட்டுட்டேன்!" தலையில் அடித்துக்கொண்டாள். "பஞ்ச் பண்ணா நம்பர், கேண்டீன் சீட்டுல நம்பர், லீவு லெட்டர்ல நம்பர். ஒன்பது வருஷமா கையெழுத்து போட்டா பக்கத்துல கை தானா நம்பரைப் போட்டுடுது. இப்ப வேன் நோட்ல கையெழுத்து போட்டப்பத்தான் ஞாபகம் வந்துச்சு. என் பையன் ரேங்க் கார்டுல கூட அப்டித்தான் போட்டேன், டீச்சர் கூப்ட்டுக் கேட்டாங்க."

அவள் பெயர் சரோஜா. பேர் வெளியே தெரியாமல் இருக்க "ஒரு தாய்" என்று எழுதிவிட்டு, பேரைவிடத் தெளிவான ஒன்றைப் பக்கத்தில் எழுதியிருக்கிறாள். பெயர் சொன்னால் அந்தக் கம்பெனியில் பத்து சரோஜாக்கள் வருவார்களாம். 412 ஒருத்திதான்.

"தெரிஞ்சா என்ன செய்வாங்க?"

"கேட்டுல டோக்கன் அட்டைய வாங்கிக்கினு வெளிய அனுப்பிடுவாங்க. அவ்ளோதான்." அவள் புருஷன் தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியில் வேலை பார்த்தவர். நெஞ்சு போய் வீட்டில் இருக்கிறார். அவருக்கு மருந்தும் இன்ஹேலரும் இவளுடைய இ.எஸ்.ஐ. கார்டில்தான் வருகிறது. "டோக்கன் இருந்தா கார்டு. கார்டு இருந்தாத்தான் அவருக்கு மூச்சு."

"பிறகு எதுக்கும்மா எழுதின?"

"போன்ல ஒரு படம் வந்துச்சுண்ணா. ஏதோ ஊரு. வீடெல்லாம் இடிஞ்சி கெடக்குது. ஒரு பட்டாளத்துக்காரன் சமையல்கட்டுல நிக்கிறான். கீழ பாத்திரம் உருண்டு கெடக்குது. அவன் பூட்ஸ்ல கணுக்கால் பக்கம் ரெட்டைத் தையல், அதுக்கு மேல குறுக்க ஒண்ணு. அது நான் போடுற தையல். எவன் பக்கம் நாயம்னு எனக்குத் தெரியாது. ஆனா அந்தப் பாத்திரம் எங்க வூட்டுப் பாத்திரம் மாதிரியே இருந்துச்சு. நீ மெய்ய எழுதலாம்னு சொன்ன."

நான் சொன்னேன். அது உண்மை. தீப்பெட்டி ஆபீஸில் பதினாலு வருஷம் குச்சி அடுக்கினேன். அதில் எந்தக் குச்சி அடுப்பை மூட்டியது, எந்தக் குச்சி கூரையை மூட்டியது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

ஞானசுந்தரம் சாரிடம் போனேன். வடையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். "கிழிப்பதா?" என்றார். "எழுநூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து எண்ணி, பக்கத்துக்குப் பக்கம் முத்திரை குத்தியாகிவிட்டது. ஒரு குரலை அழிப்பது ஒரு உயிரை அழிப்பதற்குச் சமம்!" நிறுத்தினார். டீக்கடையில் யாரும் கைதட்டவில்லை.

"சார், அந்த அம்மாவுக்கு வேலை போயிரும்."

"தியாகம் இல்லாமல் அமைதி இல்லை" என்று சொல்லிவிட்டு இன்னொரு வடை கேட்டார்.

திரும்பி வந்து சொன்னேன். கம்பெனி வேன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. அதற்குள் மாதனூரில் ஏறும் இன்னொரு பெண் சரோஜா பக்கத்தில் வந்து நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். மும்தாஜ். சரோஜாவுக்கு எதிரே உட்கார்ந்து தைப்பவள், அவளைவிடப் பத்து வயது மூத்தவள்.

"கிழிக்கமாட்டேன்னு சொன்னாரு. எழுத உடுவாரா மாட்டாரா?" என்று என்னைக் கேட்டாள்.

"எழுதினா சந்தோஷப்படுவாரு. ஆயிரத்துக்கு இன்னும் பாக்கி இருக்கு."

"அப்ப பேஜார உடு." சரோஜா பக்கம் திரும்பினாள். "சரோ, டவுட்டு ஜோடி வந்தா நாம இன்னா பண்ணுவோம்?"

மும்தாஜ் எனக்கு விளக்கினாள். ஒவ்வொரு ஜோடி பூட்ஸோடும் ஒரு சீட்டு போகும். தைத்தவள் தன் டோக்கன் நம்பரை அதில் எழுத வேண்டும். தையல் கோணலாக இருந்து செக்கிங்கில் மாட்டினால் அந்த நம்பருக்கு மெமோ. அதனால் சந்தேகமான ஜோடி வந்தால் மேஜையில் இருக்கும் பதினோரு பேரும் தங்கள் நம்பரை அதே சீட்டில் எழுதிவிடுவார்களாம்.

"ஒரு நம்பருன்னா மெமோ. பதினொண்ணுன்னா சூப்பர்வைசர் தலைய சொறிஞ்சிகினு போய்டுவான். பதினோரு பேரை நிறுத்தினா லைனு நிக்கும்ல?" என்றாள். "ஒரு மணிக்கு டிபன் டைம். நோட்டை எடுத்துகினு வா."

வேன் போய்விட்டது. டப்பாவைக் கொடுக்க நானும் மறந்தேன், கேட்க அவளும் மறந்தாள்.

கம்பெனி வாசலில் இன்னும் நிறையக் கையெழுத்து கிடைக்கும் என்றதும் சாரே சாவியைக் கொடுத்தார். மற்றவர்கள் பள்ளிகொண்டாவுக்குக் கிளம்ப, நான் நோட்டையும் கொடியையும் எடுத்துக்கொண்டு ஆம்பூர்ப் பக்கம் போகும் பஸ்ஸுக்கு நின்றேன். மூன்று பஸ்கள் நிற்காமல் போயின. நாலாவது பஸ் என்னைக் கண்டதும் வேகத்தைக் கூட்டியது. கொடியோடு ஒருவன் சாலை ஓரம் நின்றால் மறியல் என்றுதான் டிரைவர்கள் நினைப்பார்கள் என்று டீக்கடைக்காரர் சொன்னார். கொடியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்ததும் ஒரு லாரி நின்றது. உப்புப் போட்ட பச்சைத்தோல் ஏற்றிய லாரி. முன்னால் இடம் இல்லை. தோல் குவியல்மேல், நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனேன். நெஞ்சில் இருந்தும் பயனில்லை. இறங்கும்போது மனசாட்சி ஏட்டின் எல்லாப் பக்கத்திலும் அந்த வாடை ஏறியிருந்தது.

ஒரு மணிக்குச் சங்கு. வாசலுக்கு எதிரே இருக்கும் டீக்கடை வரை வர அவர்களுக்குக் கால் மணி நேரம் அனுமதி உண்டு. சரோஜா வந்தாள், மும்தாஜ் வந்தாள், பின்னால் அவர்கள் வேலை செய்யும் நாலாவது லைன் முழுக்க வந்தது. மும்தாஜ் பக்கத்தைத் திறந்து சரோஜா எழுதியதை உரக்கப் படித்தாள்.

"எனக்கு வேணாம்பா" என்று ஒருத்தி டீயைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் போனாள். அவளோடு நாலைந்து பேர் போனார்கள். அவர்களை யாரும் கூப்பிடவில்லை, திட்டவும் இல்லை. அவரவர் வீட்டில் ஆறேழு வயிறு இருக்கலாம்.

மும்தாஜ் முதலில் எழுதினாள். மேலே இருக்கும் கேள்விக்கு நேர் கீழே, "ஒரு தாய். 409." அடுத்தவள். அதற்கடுத்தவள். பிறகு வரிசை கட்டிவிட்டார்கள், கேண்டீனுக்கு நிற்பது போல.

"ஏய், நீ இன்னாடி தாய்னு எழுதுற? உனக்கு இன்னும் கல்யாணமே ஆவல!"

"ஆவும்போது ஆவட்டும்க்கா. இப்ப எழுதி வச்சிக்கிறேன்."

மிஷின் ரிப்பேர் பார்க்கும் பாஷா, கையில் எண்ணெயோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். அந்த லைனில் இருக்கும் ஒரே ஆண். பேனாவை வாங்கி, மேலே எழுதியிருப்பதைப் பார்த்து, அப்படியே எழுதினார்: "ஒரு தாய். 388."

"தோஸ்த், மாசம் எத்தினி?" என்று மும்தாஜ் கேட்டாள். டீக்கடையே சிரித்தது. சரோஜா மட்டும் சிரிக்கவில்லை. முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு, எழுதுகிற ஒவ்வொரு கையையும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சங்கு ஊதியபோது ஐம்பத்து மூன்று நம்பர்கள் இருந்தன. 412 எங்கே என்று நானே தேடவேண்டியிருந்தது. ஆனால் தேடினால் கிடைத்தது. முதல் வரியில், அந்தக் கேள்வியை ஒட்டி, அதே கையெழுத்தில். அதை அவளும் பார்த்தாள். பேனாவை மூடி என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

நாலாம் நாள் வேலூர். கோட்டை மைதானத்தில் ஷாமியானா. பத்து மணி விழாவுக்குச் சேர்மன் பன்னிரண்டு மணிக்கு வந்தார். உச்சி வெயிலில் மெழுகுவத்தி ஏற்றினோம். வத்தி வெயிலிலேயே பாதி வளைந்துவிட்டது. பாய் ஷேர் ஆட்டோவில் கூண்டோடு வந்திருந்தார். புறாக்கள் மேலே ஏறின, ஒரு வட்டம் அடித்தன, நேராக ஆம்பூர்த் திசையில் போய்விட்டன. எங்கள் வேனைவிட நன்றாக வழி தெரிந்தவை.

நான் மேடை ஓரம் கொடியோடு நின்றேன். சேர்மன் பக்கத்தில் கம்பெனியின் ஹெச்.ஆர். அம்மா. சரோஜாவின் நம்பர், முகம், லீவு, எல்லாம் தெரிந்தவர். கண்ணாடிப் பெட்டியைத் திறந்ததும் மேடையில் இருந்த அத்தனை பேரும் மூக்கில் கைக்குட்டை வைத்தார்கள். சேர்மன் வைக்கவில்லை. மூன்று தலைமுறைத் தோல் குடும்பம். நோட்டை முகத்தருகே கொண்டுபோய், "பச்சைத்தோல்" என்று பிரியமாகச் சொன்னார்.

"தங்கள் தொழிலாளர் எழுதியதில் ஒரு வரியைத் தாங்களே வாசிக்க வேண்டும்" என்று சார் மைக்கை நீட்டினார்.

ஐம்பத்து மூன்று பேர் பேனாவை அழுத்திய பக்கம். நோட்டு தானாகவே அங்கேதான் திறந்தது.

சேர்மன் படித்தார். உதடு அசைந்து நின்றது. விரல் வரிவரியாகக் கீழே இறங்கியது. மைக்கை ஒரு கையால் பொத்திக்கொண்டு ஹெச்.ஆர். அம்மாவிடம் நோட்டைத் திருப்பினார். நான் கொடியோடு ஓர் அடி உள்ளே தள்ளி நின்றேன்.

"யாரு இது, 412?"

அந்த அம்மா பக்கத்தைப் பார்த்தார். விரலால் எண்ணினார். "சார், ஃபோர்த் லைன் கிட்டத்தட்ட மொத்தமும் இருக்கு. ஒருத்தரைக் கூப்பிட்டா எல்லாரும் வருவாங்க. திங்கட்கிழமை கண்டெய்னர் போகணும் சார்."

"மெக்கானிக்குமா தாய்?"

"அப்படித்தான் எழுதியிருக்கார் சார்."

சேர்மன் நோட்டை மூடினார். மைக்கிலிருந்து கையை எடுத்தார். முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது. அதிலும் மூன்று தலைமுறைப் பழக்கம் இருக்க வேண்டும். "என் கம்பெனியில் ஒரே லைனில் ஐம்பத்து மூன்று தாய்மார்கள் அமைதி வேண்டும் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். இதைவிட எனக்கு என்ன பெருமை வேண்டும்?" என்றார். கூட்டம் தட்டியது. ஞானசுந்தரம் சார் எழுந்து நின்று தட்டினார். அவருக்கு ஒரு சால்வை, எங்கள் முப்பது பேருக்கும் "அமைதித் தூதர்" என்று ஒரு சான்றிதழ். என் பெயரில் இருந்த பிழையை நானே பேனாவால் திருத்திக்கொண்டேன்.

எல்லோரும் ஊருக்குக் கிளம்பினார்கள். நான் கிளம்பவில்லை. டப்பா என்னிடம் இருந்தது. வெறும் டப்பாவைத் திருப்பிக் கொடுப்பது எங்கள் பக்கம் வழக்கமில்லை. கழுவி, ஆற்காடு மக்கன் பேடா நாலு வாங்கிப் போட்டுக்கொண்டு மறுநாள் பஸ் ஏறினேன். இந்தத் தடவை கொடி இல்லை. முதல் பஸ்ஸே நின்றது.

ஐந்தரைக்குச் சங்கு. வாசலில் கண்ணை வைத்துக்கொண்டே நின்றேன். முதலாவது லைன் வந்தது, இரண்டாவது வந்தது. நாலாவது லைனில் மும்தாஜ் முதலில் வந்தாள். அவளுக்குப் பின்னால் சரோஜா. கழுத்தில் டோக்கன் அட்டை தொங்கியது.

"காலைல சூப்பர்வைசர் வந்தாருண்ணா" என்றாள். "ஹெச்.ஆர். மேடம்கிட்ட, அம்பத்து மூணு பேரையும் ஆபீசுக்கு அனுப்பட்டுமான்னு கேட்டாராம். வேணாம், வேலைய பாக்கச் சொல்லுன்னுட்டாங்களாம்."

"நீ கேட்டதுக்குப் பதில்?"

"வரல." டப்பாவைத் திறந்து பேடாவைப் பார்த்தாள். ஒன்றை எடுத்து மும்தாஜிடம் கொடுத்தாள். "இன்னிக்கும் அதே பூட்ஸ்தான் தைச்சேன். திங்கக்கெழமை போவுது. ஆனா படிச்சாருல்ல?"

"படிச்சாரு. நான் பக்கத்துலதான் நின்னேன். ரெண்டு தடவ படிச்சாரு."

"போதும் போ" என்று மும்தாஜ் சொன்னாள். "பதிலு வர்றவரைக்கும் எல்லா நோட்லயும் எழுதுவோம். அதுக்குத்தான் போர்டுல நோட்டீசு போட்டுட்டாங்களே! அண்ணனுக்குக் காட்டு."

பஞ்ச் மிஷினுக்குப் பக்கத்தில் அறிவிப்புப் பலகை. வாசலில் நின்ற செக்யூரிட்டி என்னைக் கொடிக்காரன் என்று அடையாளம் கண்டு, கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்க விட்டார். அன்று காலை ஒட்டிய தாள். அவசரத்தில் அடித்தது தெரிந்தது. "தொழிலாளர்கள் இனிமேல் எந்தத் தாளிலும் கையெழுத்துடன் டோக்கன் எண்ணை எழுதக் கூடாது. இதைப் படித்துப் புரிந்துகொண்டதற்கு அடையாளமாக அனைவரும் கீழே கையெழுத்திடவும்."

நாலு நாள் நடைப்பயணத்தால் உலகத்தில் உண்டான மாற்றம், எனக்குத் தெரிந்து, இந்தத் தாள் ஒன்றுதான்.

கீழே கையெழுத்துகள். நாலாவது லைன் மொத்தமும் போட்டிருந்தது. மும்தாஜ், 409. சரோஜா, 412. பாஷா, 388. கடைசியில் பச்சை மையில், எல்லோரும் ஒழுங்காகப் போட்டார்களா என்று சரிபார்த்த சூப்பர்வைசரின் கையெழுத்து. அதற்குப் பக்கத்தில், 17.